முதல் கஸ்டம் வாட்டர் லூப்: வட சென்னை அறைக்கு என்ன கணக்கு?

வாட்டர் கூலிங் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் ஜில்லென்று இருக்கும் என்ற நினைப்பில்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். யூட்யூப் வீடியோவில் கிராபிக்ஸ் கார்டு 48 டிகிரியில் ஓடுகிறது. அதே பாகங்களை வாங்கிக் கொருக்குப்பேட்டையில் ஒரு மேல்மாடி வீட்டில் மாட்டினால் மே மாதம் 63 காட்டுகிறது. பாகம் டூப்ளிகேட்டா, மாட்டியதில் கோளாறா என்று குழப்பம். பெரும்பாலும் இரண்டும் இல்லை. வீடியோ எடுத்த அறை 21 டிகிரி, இந்த அறை 36 டிகிரி. பதினைந்து டிகிரி வித்தியாசம் அங்கேயே வந்துவிட்டது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் இருபத்திரண்டு டிகிரி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ரேடியேட்டர் அளவு, குழாய், தண்ணீர், ஃபேன் வேகம் என்று அவை சொல்லும் ஒவ்வொன்றையும் நம் ஊர் வெப்பத்துக்கும் உப்புக் காற்றுக்கும் மாற்றிக் கணக்கிட வேண்டும்.

லூப் என்பது என்ன

சிப்பில் பிறக்கும் வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி, ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், அங்கே அறைக் காற்றில் இறக்கும் ஏற்பாடு. தண்ணீர் இதில் லாரி மட்டுமே, சுமையை இறக்கும் இடம் உங்கள் அறைதான். அதனால் தண்ணீரின் வெப்பம் ஒருபோதும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது.

பாகங்கள் ஆறு. சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டி, அதாவது பிளாக்; பிராசஸருக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. வெப்பத்தை இறக்கும் ரேடியேட்டர், அதன் மேல் ஃபேன்கள். தண்ணீரைத் தள்ளும் பம்ப். தண்ணீர் தேங்கி நின்று காற்றுக் குமிழி பிரியும் ரிசர்வாயர். இவற்றை இணைக்கும் குழாய். குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஃபிட்டிங்.

கடையில் சீல் செய்து வரும் ஏஐஓ கூலரும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் பிராசஸருக்கு மட்டும். பிராசஸர் ஒன்றை மட்டும் குளிர்விக்கக் கஸ்டம் லூப் போடுவது வீண் செலவு. ஒரு நல்ல 360 ஏஐஓ (மூன்று 120 மி.மீ. ஃபேன் மாட்டும் அளவு), ஏன், பெரிய ஏர் கூலரே போதும். ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற சிப்பில் வெப்பம் சிறிய பரப்பில் குவிந்து, மேல் மூடியைத் தாண்டி வெளியே வரவே திணறுகிறது. மூடிக்கு மேல் என்ன வைத்தாலும் சில டிகிரிதான் குறையும். கிராபிக்ஸ் கார்டில் மூடி கிடையாது, பிளாக் நேராகச் சிலிக்கான் மேலேயே உட்காரும். கஸ்டம் லூப்பின் உண்மையான லாபம் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டிலும், ஃபேன் சத்தம் குறைவதிலும்தான் இருக்கிறது.

முதல் எண்: டெல்டா

ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றுக்கும் லூப்பில் ஓடும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை டெல்டா என்பார்கள். இதை 10 டிகிரிக்குள் வைத்தால் நல்ல லூப். 15 வரை ஓட்டலாம். அதற்கு மேல் போனால் ரேடியேட்டர் பற்றவில்லை என்று அர்த்தம்.

கணக்கை இப்படிப் போடுங்கள்:

1. வெப்பத்தைக் கூட்டுங்கள். ஆர்டிஎக்ஸ் 4080 கார்டு 320 வாட். கேம் ஓடும்போது 7800எக்ஸ்3டி ஏறத்தாழ 80 வாட். பம்ப் 20 வாட். மொத்தம் 420.

2. 30 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ரேடியேட்டரில் ஒரு 120 மி.மீ. ஃபேன் இடத்துக்கு, நிமிடத்துக்கு 1,300 சுற்று வேகத்தில், 10 டிகிரி டெல்டாவில் தோராயமாக 100 வாட் இறங்கும். மாடலுக்கு மாடல் இது கூடும் குறையும். திட்டம் போட இந்த எண் போதும்.

3. 360 ரேடியேட்டர் ஒன்று என்றால் மூன்று இடம், 300 வாட். 420 வாட்டுக்கு டெல்டா 14 ஆகும். 360 இரண்டு என்றால் ஆறு இடம், டெல்டா 7.

4. அறை வெப்பத்தைக் கூட்டுங்கள். 35 டிகிரி அறையில் ஒரு ரேடியேட்டர் போட்டால் தண்ணீர் 49, இரண்டு போட்டால் 42. கார்டின் வெப்பம் தண்ணீரைவிட இன்னும் 12 முதல் 15 டிகிரி மேலே நிற்கும்.

ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் இருப்பவருக்கு 14 டெல்டாவிலும் தண்ணீர் 36-ல்தான் நிற்கிறது. அவருக்கு ஒரு ரேடியேட்டர் போதும், நமக்கு அதே லூப் 49-ஐத் தொடும். புழக்கத்தில் உள்ள டி5, டிடிசி பம்புகளுக்குத் தண்ணீர் வெப்ப வரம்பு 60 டிகிரி. அங்கே 24 டிகிரி கையிருப்பு, இங்கே 11. கூடுதல் ரேடியேட்டர் இந்த ஊரில் அத்தியாவசியம்.

எந்த அறை வெப்பத்தை எடுப்பது? வானிலை அறிக்கை சொல்வதை அல்ல. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும், தெருவைவிட அறை சூடாக இருக்கும். கேம் ஆடும் நேரமும் அதுதான். சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கேபினெட் வைக்கப்போகும் இடத்தில், அதே உயரத்தில், இரவில் வைத்துப் பாருங்கள். ஏசி அறை என்றால் கணக்கு எளிது. ஒரு டன் ஏசி 3,517 வாட் வெப்பத்தை வெளியேற்றும், அதில் 420 வாட் கம்ப்யூட்டருக்கே போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வாட்டர் கூலிங் போட்டாலும் அறைக்குள் வரும் வெப்பம் ஒரு வாட்கூடக் குறையாது.

தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போடுவது, மீன் தொட்டியைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ கருவியை இணைப்பது போன்ற யோசனைகள் அடிக்கடி வருகின்றன. கடலோரக் காற்றில் பனிப்புள்ளி 25 டிகிரியை ஒட்டி இருக்கும் நாட்கள் இங்கே ஏராளம். தண்ணீர் அதற்குக் கீழே போன கணமே குழாயும் பிளாக்கும் வியர்த்து, சொட்டு நேராக மதர்போர்டில் விழும். வேண்டாம்.

எந்தத் தண்ணீர்

இங்கேதான் வட சென்னைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். திருவொற்றியூர், எண்ணூர் போர் தண்ணீரில் உப்புக் கரிப்பது நாக்குக்கே தெரியும். அதில் உள்ள குளோரைடு, பிளாக்கின் நிக்கல் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். காட்டுப்பள்ளி ஆலையில் உப்பு நீக்கி வரும் தண்ணீரோ, ஏரித் தண்ணீரோ, லாரித் தண்ணீரோ, எதுவானாலும் குடிக்கத் தகுந்தது என்றால் லூப்புக்குத் தகுந்தது என்று ஆகாது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. லூப்புக்கு 5-க்கு மேல் கூடாது.

- கேன் தண்ணீர், வீட்டு ஆர்ஓ: கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 30 முதல் 100 வரை காட்டும். ரேடியேட்டரை முதலில் அலசப் பயன்படுத்தலாம். நிரப்பக் கூடாது.

- ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்: மீட்டரில் எண் குறைவாகத்தான் காட்டும், அதை நம்பிப் பலர் பிடித்து வைக்கிறார்கள். அது காயிலில் படிந்த தூசியையும் பூஞ்சை விதைகளையும் கழுவிக்கொண்டு வருகிறது. வெதுவெதுப்பான லூப்பில் அவை செழித்து வளரும்.

- பேட்டரி வாட்டர் (டிஸ்டில்டு வாட்டர் என்றும் விற்கும்): பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரிக் கடையிலும் ஐந்து லிட்டர் கேனாகக் கிடைக்கும். மீட்டர் 5-க்குக் கீழே காட்டினால் கலக்க இதையே எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அதே கடையில், அதே மாதிரிக் கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

வெறும் டிஸ்டில்டு வாட்டரும் போதாது. பாசியைத் தடுக்கும் மருந்தும், உலோக அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்த கான்சென்ட்ரேட் வாங்கி, பாட்டிலில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். 100 மில்லிக்கு 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர் என்பது பரவலான விகிதம். 360 ரேடியேட்டர் இரண்டு, பிளாக் இரண்டு, இரண்டு மீட்டர் குழாய், சிறிய ரிசர்வாயர் எல்லாம் சேர்த்து 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும். அலசுவதற்கும் சேர்த்து ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டு கம்பெனிக் கூலண்ட்டைக் கலக்காதீர்கள், மருந்துகள் ஒன்றோடொன்று வினைபுரிந்து களிபோலத் திரண்டுவிடும். முதல் லூப்புக்கு நிறமற்றதே நல்லது. பால்போல் தெரியும் பேஸ்டல் கூலண்ட்டில் நுண்துகள் மிதக்கிறது, நாள்பட அது பிளாக்கின் அடியில் படியும்.

கார் கூலண்ட்டைத் தேடிப் போக வேண்டாம். அதில் பெரும்பங்கு உறையாமல் காக்கும் கிளைக்கால். சென்னையில் எது உறையப்போகிறது?

செம்போடு அலுமினியம் சேரக் கூடாது

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது பேட்டரியாகிவிடும். அலுமினியம் கரையும், வெள்ளைக் களிபோன்ற படிவு பிளாக்கின் மயிரிழைக் கால்வாய்களை அடைக்கும். மருந்து இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

பிளாக் செம்பு, அதன் மேல் நிக்கல் பூச்சு, ஃபிட்டிங் பித்தளை, ரேடியேட்டர் செம்பு-பித்தளை. இந்தக் கூட்டணியை உடைக்காதீர்கள். புதுப்பேட்டையில் பைக் ரேடியேட்டர் சல்லிசாகக் கிடைக்கும், அது அலுமினியம். ஆன்லைனில் சந்தேகப்படும்படி மலிவாக விற்கும் 240 ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம்தான். பழைய ஏஐஓவின் ரேடியேட்டரைக் கழற்றிச் சேர்க்கும் யோசனையும் இதே குழியில் விழும்.

பாசியைக் கொல்ல வெள்ளிச் சுருள் போடும் பழக்கம் பழைய கட்டுரைகளில் இருக்கும். நிக்கல் பூசிய பிளாக் இருந்தால் அதைத் தவிருங்கள்.

குழாயும் ஃபிட்டிங்கும்

முதல் லூப்புக்கு ரப்பர் குழாயே என் பரிந்துரை. படத்தில் பளபளப்பது கண்ணாடிபோன்ற கடினக் குழாய்தான். ஆனால் அதில் மலிவான வகையான பெட்ஜி, தண்ணீர் 60 டிகிரியை நெருங்கினால் இளக ஆரம்பிக்கும். பம்ப் நின்றுபோய் பிளாக்கில் வெந்நீர் தேங்கினால் குழாய் முனை மெத்தென்றாகி ஃபிட்டிங்கைவிட்டு நழுவிவிடும். மேலே பார்த்தபடி நம் கையிருப்பு குறைவு. கடினக் குழாய்தான் வேண்டும் என்பவர்கள் அக்ரிலிக் வாங்கலாம், வெப்பம் தாங்கும், ஆனால் அறுக்கும்போது விரிசல் விடும்.

தெளிவான, வளையும் பிவிசி குழாயிலும் ஒரு வம்பு உண்டு. அதை வளைய வைக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப்பொருள் சூட்டில் கசிந்து தண்ணீரில் கலந்து, குழாய் மங்கி, பிளாக்கில் மெழுகுபோல் ஒட்டும். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாயில் அந்தப் பொருளே இல்லை. அழகு கம்மி, ஆனால் நிம்மதியாக விட்டுவிடலாம். அளவில் 10/16 எடுங்கள்: உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. 10/13-ஐவிடச் சுவர் தடிமனானது, வளைத்தால் மடங்காது. ஃபிட்டிங்கும் அதே 10/16 என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஃபிட்டிங் எண்ணிக்கை எளிது. ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு துளை. பிளாக் இரண்டு, ரேடியேட்டர் இரண்டு, பம்பும் ரிசர்வாயரும் ஒட்டி வரும் காம்போ ஒன்று, ஆக ஐந்து பாகம், பத்து ஃபிட்டிங். வடிகாலுக்கு ஒரு டி-பிளாக் (மூன்று வழி இணைப்பு), ஒரு பால் வால்வு, ஒரு அடைப்பான். இடம் குறுகினால் 90 டிகிரித் திருப்பம் இரண்டு. பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பிளாக் அல்ல, இந்தப் பொடிப் பொருட்கள்தான்.

எல்லாத் துளையும் ஜி 1/4 மரை. இதில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, அடியில் உள்ள ஓ-ரிங். பிளம்பர் பழக்கத்தில் டெஃப்லான் டேப் சுற்றினால் ஓ-ரிங் சரியாக உட்காராது, டேப் நூலும் பிரிந்து போய்ப் பிளாக்கை அடைக்கும். எம்-சீலுக்கும் இங்கே வேலை இல்லை. கையால் இறுக்கி, நின்ற பிறகு கால் சுற்று. அதற்கு மேல் பானாவை எடுத்தால் அக்ரிலிக் துளை வெடிக்கும்.

ஃபேன், ஸ்க்ரூ, தெர்மல் பேஸ்ட், பேடு எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கலாம். விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டம் இறங்கி நடக்கும் தூரம். பிளாக்கும் ஃபிட்டிங்கும் பெரும்பாலும் ஆன்லைன் ஆர்டர்தான், ஒன்று குறைந்தாலும் வேலை நாள் கணக்கில் நிற்கும். உபரியாக இரண்டு ஃபிட்டிங் சேர்த்தே வாங்குங்கள்.

பம்ப், ரிசர்வாயர், வரிசை

டி5 பம்ப் முழு வேகத்தில் 20 வாட்டுக்குமேல் இழுக்கும். மதர்போர்டின் ஃபேன் இணைப்பு பொதுவாக ஒரு ஆம்பியர், அதாவது 12 வாட்தான் தாங்கும். பம்பின் மின்சாரம் நேராகப் பவர் சப்ளையிலிருந்து வர வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கம்பி மட்டும் மதர்போர்டுக்கு. பம்பின் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, ஓடும் தண்ணீரே மசகு. காய்ந்த பம்பைச் சில நொடி ஓட்டினாலும் தேயும்.

பாகங்களை எந்த வரிசையில் இணைப்பது என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் 70 வாட்டை ஏற்றினால் ஒரு டிகிரி சூடாகும். நான்கு லிட்டர் ஓடினால் 420 வாட்டுக்கு ஒன்றரை டிகிரி. முழு லூப்பிலும் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். ரிசர்வாயர் பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மற்றதைக் குழாய் எப்படி எளிதாகப் போகுமோ அப்படி இணையுங்கள். பெரிய ரிசர்வாயர் குளிர்விக்காது, சூடேற இன்னும் சில நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான்.

மாட்டும் வேலை

1. எல்லாப் பாகத்தையும் முதலில் பழைய ஏர் கூலரிலேயே ஒரு வாரம் ஓட்டுங்கள். பழுதான கார்டைப் பிளாக் மாட்டிய பிறகு கண்டுபிடிப்பது கொடுமை. கூலரைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்பதை அந்தக் கார்டின் வாரண்டி விதியில் படித்துவிட்டு ஸ்க்ரூவில் கை வையுங்கள்.

2. கார்டு பிளாக் சிப் பெயருக்கு மட்டும் பொருந்தினால் போதாது, அந்தக் கம்பெனியின் அந்த மாடல் போர்டுக்குப் பொருந்த வேண்டும். மெமரி, விஆர்எம் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் ஒட்டும் பேடின் தடிமன் கையேட்டில் சொன்னதுதான். 1 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.5 வைத்தால் பிளாக் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமல் நிற்கும்.

3. புது ரேடியேட்டருக்குள் சால்டரிங் பசையும் ஈயத் துணுக்கும் இருக்கும். 60 டிகிரி வெந்நீர் பாதி நிரப்பி, இரு துளையையும் அடைத்து, இரண்டு நிமிடம் குலுக்கி, வெள்ளை வேட்டித் துணியில் வடியுங்கள். துணியில் துகள் விழாமல் போகும்வரை திரும்பச் செய்ய வேண்டும். கடைசி இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டரில்.

4. 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் ரேடியேட்டரின் தண்ணீர்க் குழலில் குத்திவிடும். சில மாடல்களில் மட்டும்தான் ஸ்க்ரூத் துளைக்கு நேரே தடுப்புத் தகடு இருக்கிறது.

5. பிராசஸர் பிளாக்கில் உள்வழி, வெளிவழி என்று குறி இருக்கும். மாற்றி மாட்டினாலும் ஓடும், சில டிகிரி கூடும். கார்டு பிளாக், ரேடியேட்டர் இரண்டிலும் பெரும்பாலும் திசை பார்க்க வேண்டியதில்லை, கையேடு வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய.

6. குழாயைத் தேவைக்கு இரண்டு சென்டிமீட்டர் கூட்டி அறுத்து, மாட்டிப் பார்த்துக் குறையுங்கள். முனை நேர்கோணத்தில் இருக்க வேண்டும், சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் கசியும். லூப்பின் மிகத் தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு. இதை விட்டுவிட்டு மாட்டுபவர்கள் அடுத்த வருஷம் கேபினெட்டையே கவிழ்த்துத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

7. தண்ணீர் ஊற்றும் முன் காற்றுச் சோதனை. 0.3 முதல் 0.4 பார் அழுத்தம், இருபது நிமிடம் முள் இறங்கக் கூடாது. இதற்கென்று அளவுமானியோடு கைப் பம்ப் விற்கிறது. பிபி பார்க்கும் கருவியின் பல்பையும் முள்ளையும் ஒரு குழாய்த் துண்டில் இணைத்தாலும் நடக்கும்: அதன் 300 என்ற குறி 0.4 பாருக்குச் சமம். பஞ்சர் கடை கம்ப்ரசர் பக்கம் போகவே கூடாது, ரிசர்வாயர் வெடிக்கும்.

8. நிரப்பும்போது மின்சாரம் பம்புக்கு மட்டும். மதர்போர்டின் 24 பின், பிராசஸரின் 8 பின், கார்டின் இணைப்பு எல்லாம் கழன்றிருக்க வேண்டும். 24 பின் முனையில் பச்சைக் கம்பியையும் ஏதாவதொரு கறுப்பையும் இணைத்தால் பவர் சப்ளை விழிக்கும். எல்லாக் கம்பியும் கறுப்பாக வரும் பவர் சப்ளையில் எண்ணித் தேடுவதைவிட ஜம்பர் பிளக் ஒன்று வாங்குங்கள்.

9. ரிசர்வாயரை நிரப்பி, பம்பை ஐந்து நொடி ஓட்டி, மட்டம் அடியைத் தொடும் முன் நிறுத்தி, மறுபடி நிரப்ப வேண்டும். மட்டம் நிலைத்த பிறகு கேபினெட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சாய்த்தால் ரேடியேட்டரில் சிக்கிய காற்று கொடகொடவென்று வெளியே வரும்.

10. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் பம்பை மட்டும் ஓட்டுங்கள். நடுவில் கரண்ட் போனால் பரவாயில்லை. பேப்பரில் ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் வடித்து, ஓ-ரிங்கைப் பார்த்து, மறுபடி.

ஃபேனைத் தண்ணீருக்குக் கட்டுங்கள்

மதர்போர்டு தன்போக்கில் பிராசஸர் வெப்பத்தைப் பார்த்து ஃபேனை முடுக்கும். ஒரு பிரவுசர் திறந்தாலே சிப் இருபது டிகிரி குதித்து இறங்கும், ஃபேனும் கூடவே ஊளையிடும். தண்ணீர் அப்படிக் குதிக்காது. லூப்பில் 10 கிலோ-ஓம் சென்சார் பிளக் ஒன்றைத் திருகி, சென்சார் இணைப்புள்ள மதர்போர்டிலோ தனிக் கன்ட்ரோலரிலோ கொடுத்து, தண்ணீர் வெப்பத்துக்கு ஃபேனைக் கட்ட வேண்டும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் 40 டிகிரியில் முழு வேகம் என்பார்கள். அதை அப்படியே போட்டால் ஏப்ரலிலிருந்து ஜூலைவரை கேம் ஓடும்போதெல்லாம் ஃபேன் முழு வேகத்திலேயே அலறும், டெஸ்க்டாப்பில் சும்மா இருந்தாலும் அதிகம் இறங்காது. கன்ட்ரோலர் இடம் கொடுத்தால் அறைக் காற்றுக்கு இன்னொரு சென்சார் வைத்து, டெல்டாவைக் கொண்டு கட்டுப்படுத்துங்கள்: 3 டிகிரியில் 500 சுற்று, 6-ல் 800, 10-ல் 1,300, 13-ல் 1,600. ஒற்றைச் சென்சார்தான் என்றால் கோடைக்கு ஒரு செட்டிங், மார்கழிக்கு ஒரு செட்டிங். எச்சரிக்கை 55-ல், தானாக ஷட் டவுன் 58-ல்.

உப்பும் தூசியும்

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் ஏசியின் அவுட்டோர் யூனிட் எவ்வளவு சீக்கிரம் இற்றுப்போகும் என்பது குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்றில் உப்புத்துகள் வருகிறது. எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசியும் சேர்ந்துகொள்ளும். சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். இங்கே இரவில் பெரும்பாலும் அதற்கு மேல்தான்.

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, ரேடியேட்டர் துடுப்புகளுக்கு இடையே தூசி பிசுக்காக ஒட்டும், ஊதினால் போகாது. அங்குலத்துக்கு 20-க்கு மேல் துடுப்புள்ள நெருக்கமான ரேடியேட்டரைவிட 10 முதல் 16 உள்ளதை வாங்குங்கள். ரேடியேட்டரில் உள்ளிழுக்கும் ஃபேன் எதுவானாலும் முன்னால் வலை வேண்டும். மாதம் ஒருமுறை புளோயர் அடியுங்கள், அப்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதுதான் பெரியது. ‘எங்கள் கூலண்ட் மின்சாரம் கடத்தாது’ என்று பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி அசட்டையாக இருப்பவர்கள் உண்டு. பாட்டிலுக்குள் அது உண்மையாக இருக்கலாம். உப்புத்தூசி படிந்த மதர்போர்டில் சொட்டிய கணமே அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு கடத்த ஆரம்பிக்கும். லூப் மாட்டும் முன் போர்டையும் கார்டையும் மென்மையான பிரஷ்ஷும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கொண்டு துடைப்பது இந்த ஊரில் ஒரு தனிப் படியாகவே இருக்க வேண்டும். பாரிமுனை, பார்க் டவுன் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைக்கும்.

கசிந்துவிட்டால்: கம்ப்யூட்டரின் பட்டனைத் தேடாமல் சுவர் சுவிட்சை அணையுங்கள். லூப்பை வடித்து, நனைந்த பாகத்தைக் கழற்றி, ஆல்கஹாலில் கழுவுங்கள். தண்ணீர் தானாகக் காயட்டும் என்று விட்டால் உப்பு மட்டும் அங்கேயே தங்கும். ஃபேன் காற்றில் ஒரு முழு நாளாவது காய வைத்த பிறகு கரண்ட் கொடுங்கள், அதுவும் ஸ்லாட்டுக்குள்ளும் சாக்கெட் ஓரத்திலும் ஈரம் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு.

எண்கள் சொல்லும் கோளாறு

அரை மணி நேரம் கேம் ஓடிய பிறகு அறை, தண்ணீர், சிப் மூன்று வெப்பத்தையும் குறித்து வையுங்கள். பிற்பாடு எது மாறினாலும் இந்தத் தாளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

- டெல்டா கூடிவிட்டது, சிப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி பழையபடியே: ரேடியேட்டரில் தூசி, அல்லது ஒரு ஃபேன் நின்றுவிட்டது.

- டெல்டா பழையபடி, சிப் மட்டும் சூடு: பேஸ்ட் காய்ந்தது, அல்லது பிளாக்கின் கால்வாய் அடைத்தது. அடைப்பு என்றால், தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் மீட்டரில் லிட்டர் குறைந்திருக்கும்.

- கார்டின் சராசரி வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம், அதுவும் முதல் நாளிலிருந்தே: பேடு தடிமன் தவறு, பிளாக் சமமாக உட்காரவில்லை. ஸ்க்ரூவை மேலும் இறுக்குவது தீர்வல்ல, கழற்றிப் பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

- குழாய் வெள்ளையாக மங்குகிறது: பிளாஸ்டிசைசர். தண்ணீரில் பச்சை நூல்: பாசி. நீலப்பச்சைக் கறை: செம்பு அரிக்கிறது, உடனே வடித்துவிடுங்கள்.

- ரிசர்வாயர் மட்டம் சில மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் பயம் வேண்டாம், ரப்பர் குழாயின் சுவர் வழியாக நீராவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஒரே வாரத்தில் அவ்வளவு இறங்கினால் கசிவைத் தேடுங்கள்.

கூலண்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டாவது மாற்றத்தின்போது பிராசஸர் பிளாக்கைத் திறந்து பழைய டூத் பிரஷ்ஷால் கால்வாய் ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவி, ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு மூடுங்கள். இதை மார்ச்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் கோடை முழுக்கத் திறக்க வேண்டியிருக்காது.